கையுறை போடாத ஒரு வாரம்

போன வாரம் நல்லூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு கடை வாசலில் துணி வெட்டுகிறவர்கள் போடும் இரும்புக் கையுறை தொங்கியது. சின்னச் சின்ன வளையமாகக் கோத்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. அதற்குள் பஸ் போய்விட்டது.

அந்தக் காலத்தில் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் பழனி கட்டிங் மாஸ்டர். நான் அவனுக்கு மேஜையில் துணி விரித்துக் கொடுப்பவன். திருவிழாக் கச்சேரிகளில்தான் நான் பெரிய ஆள். சோலோ கிட்டார் நான், பின்னால் ரிதம் கிட்டார் அவன். என் சோலோவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேகம், மேலும் வேகம், அவ்வளவுதான்.

"ஏண்டா மாப்ள, மூச்சே உட மாட்டியா? கொஞ்சம் நில்லு. நான் கம்பில ரெண்டு தட்டு தட்டுனதுக்கப்பறம் வா. அப்பத்தான் கேக்கறவனுக்கு உள்ள எறங்கும்" என்பான் பழனி.

எனக்கோ நிற்பதென்றால் பயம். பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்களே!

அவிநாசிபாளையத்துக் கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவன் வேலையில் கையுறையைக் கழற்றிவிட்டான். "இதப் போட்டா வெரலு மரத்துப் போவுது மாப்ள. சாயங்காலம் கம்பியே தெரிய மாட்டேங்குது." சாயங்காலம் என்பது என் சோலோவுக்கான ஒத்திகை. நான் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் மிஷினில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். நான் மேஜையைத் தட்டி, வாயாலேயே சோலோவைப் பாடிக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதல்முறையாக நின்றேன். இரண்டு தட்டு. அப்புறம் வந்த இடம் அப்படியே பொருந்தியது. "இப்பப் பாருடா!" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மிஷின் நிற்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

சூப்பர்வைசர் கேட்டபோது, "நான்தானுங்க அசந்துட்டேன்" என்றான். நான் பக்கத்திலேயே நின்றேன். கையுறை போடாதது அவன் தப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

கச்சேரிக்கு ரிதம் இல்லாமலே போனோம். பழனி கட்டுப்போட்ட கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் தட்ட வேண்டிய இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை, நின்றேன். "இன்னிக்குத்தானுங்க உசுரோட வாசிச்சீங்க" என்று விழாத் தலைவர் சால்வை போர்த்தினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். கைதட்ட முடியாத பழனி தொடையில் தட்டினான்.

அடுத்த மாதம் ஊரைவிட்டே போனான். குழுவும் கலைந்தது, இப்போதெல்லாம் ஒரே கீபோர்டு எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறது. துணியைக் கம்ப்யூட்டர் வெட்டுகிறது. அன்றைக்குக் கத்தியது நான்தான் என்று ஒருநாள் கம்பெனியில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் அடுத்த பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.