அடுப்புக்குப் பின்னால் ஒரு பிள்ளை

எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், டான்யூப் ஆறு மலையை அறுத்துக்கொண்டு பாயும் அந்த இடுக்கில், இல்வாவை ஆற்றுக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மேட்டு நிலத்தில் கோதுமை விதைத்து ஆடு வளர்த்தவர்களின் பெண் அவள். சீர் என்று பார்த்தால் பானை வனைந்து சுடத் தெரிந்த இரண்டு கைகள்தான். மீன்பிடித்தே வாழ்ந்த ஆற்றுக்காரர்கள் அதுவரை பானையைக் கண்ணால் கண்டதில்லை. அவள் வந்த பிறகுதான் மீன் நெய்யைக் குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்துத் தின்றார்கள். அதற்கு நன்றியாக அவளுக்கு 'ஆட்டுக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

நாலாம் வருஷம் புருஷன் போனான். படகைவிட நீளமான பெருமீன் ஒன்று கயிற்றோடு அவனை இழுத்துப்போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிள்ளை பெறாத விதவையைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போகலாம். இரண்டு பக்கத்துக்கும் அது பேச்சு. ஆனால் ஆற்றுக்காரர்களுக்குச் செத்த பிள்ளையும் பிள்ளைதான். செத்துப்போன பச்சைக்குழந்தையை அடுப்புக்குப் பின்னால், சுண்ணாம்புத் தளத்துக்கடியில் புதைப்பார்கள். பெற்றவள் சாகும்வரை அந்த வீட்டைவிட்டு நகரக்கூடாது. தினமும் முதல் மீன்துண்டை அந்த இடத்தில் அவள்தான் வைக்கவேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. மாமியார் டொர்கா முப்பது வருஷமாக வைத்துவந்தாள். அங்கே கிடந்தது அவளுடைய தலைச்சன் பிள்ளை.

பனி உருகியதும் இல்வாவின் அண்ணன் அர்டன் வந்து நின்றான். ஊரே கூடிவிட்டது. ஆட்டுத்தோல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இல்வா, "வரேன் அத்தை" என்றாள்.

"எங்கடி கிளம்பிட்டே? பெத்த பிள்ளையை அப்படியே போட்டுட்டா?"

கிண்டல் என்று நினைத்து இல்வா சிரித்தாள். டொர்கா சிரிக்கவில்லை. மான்கொம்பை எடுத்தாள், தளத்தில் ஓங்கிக் குத்தினாள். மூன்றாம் குத்துக்குக் கை தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதையும் குத்தினாள். சுள்ளி போன்ற சின்ன எலும்புகள் தெரிந்தன.

ஊர்ப்பெரியவர் முன்னால் வந்தார். "யாரு பெத்தது?"

"இவ பெத்தது. எம்மவன் பிள்ளை."

அடுப்புக்கு முன்னால் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னாள். அப்படிச் சொன்னதை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

இல்வா மருத்துவச்சி கொஷாவைப் பார்த்தாள். "கொஷாக்கா, நீ சொல்லு. நான் என்னிக்காவது வயிறு தள்ளிக்கிட்டு நடந்தேனா?"

கொஷாவின் இடுப்பில் இல்வா சுட்ட நெய்ப்பானை இருந்தது. "நடந்தியே! வாத்து மாதிரி நடந்தே. கொடி அறுத்தது யாரு, ஆடா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, எல்லாம் பொய்ணே! அது அவ பெத்த பிள்ளை. கூட்டிக்கிட்டுப் போயிருண்ணே!"

ஊர்ப்பெரியவர் நாலு பெரிய தேன்நிறத் தீக்கல்லை அர்டனின் காலடியில் வைத்தார். ஒரு தலைமுறைக்கு அரிவாள் பல் செதுக்கலாம். அர்டன் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினான்.

"எலும்பு இருக்கே, புள்ள. நான் என்ன பண்றது?"

கல்லைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் ஏறுமுன் மலைப்பாதையில் போய்விட்டான்.

"தாய்தான் பூசணும்" என்று சுண்ணாம்புக் குழம்பை டொர்கா நீட்டினாள். இல்வா வாங்கிப் பூசினாள், பச்சைப்பானையை நீவிவிடுவதுபோல ஒரு விரிசல் இல்லாமல்.

அன்று மீன் வெந்தது. பழக்கத்தில் டொர்காவின் கை முதல் துண்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் போனது.

"கையை எடுங்க அத்தை. அது எம்பிள்ளை."

ஊர் முழுக்கக் கேட்க டொர்காவே சொன்ன வார்த்தை. டொர்கா கையை எடுத்தாள்.

இல்வா அந்தத் துண்டை வாங்கினாள், முள்ளை நீக்கினாள், தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த பனிக்காலத்திலும் அப்படியே. பிள்ளை பட்டினி கிடப்பதாக டொர்கா தூக்கத்தில் புலம்ப ஆரம்பித்தாள். கண் மங்கிப் படுத்துக்கிடந்த கடைசி மாதத்தில், "ஒரு துண்டு போடேன்டி, பிஞ்சுடி அது" என்று இல்வாவின் காலைப் பிடித்தாள்.

"எம்பிள்ளைக்குப் பசிச்சா எனக்குத் தெரியாதா அத்தை?" என்றாள் இல்வா. கை நீட்டி அடுத்த துண்டையும் எடுத்துத் தின்றாள்.