துடைப்ப வண்டி சுல்மா

மிதிவண்டிப் பந்தயத்தில் முடியாமல் உட்கார்ந்துவிட்டவனை அள்ளிப்போட்டுக்கொண்டு கடைசியில் வருமே ஒரு வண்டி, அதற்கு எங்கள் ஃபிளாண்டர்ஸில் 'பேஸம்வாகன்' என்று பெயர். துடைப்ப வண்டி. அந்தப் பெயர் எங்களால்தான் வந்தது என்று ஊருக்கு ஊர் மார்தட்டுவார்கள். தட்டட்டும். எங்கள் ஊரில் அதற்குக் காரணம் சுல்மாவின் கல்யாணம்.

அவள் அப்பா ரெமி பீர் காய்ச்சுகிறவர். திருவிழாப் பந்தயத்தில் அவருடைய குதிரை வண்டிதான் கடைசியில் போகும்; ஓட்டுவது சுல்மா. வண்டி எவனை முந்துகிறதோ அவன் வாயை மூடிக்கொண்டு ஏறிவிட வேண்டும். அவள் உயிரையே வைத்திருந்த அஷீல் வருஷா வருஷம் ஏறினான்.

"இந்தத் தடவை எவன் வண்டியில ஏறுனாலும், அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!" என்று ரெமி ஊரறியக் கத்திவிட்டார்.

சுல்மா குதிரையைத்தான் நம்பினாள். பீப்பாய் இறக்கிப் பழகிய குதிரை, ஒவ்வொரு மதுக்கடை வாசலிலும் தானாக நின்றுவிடும். வழி நெடுக மதுக்கடைதான்!

இது தெரியாதவரா ரெமி? லாயத்துத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குதிரை நின்றால் முதுகில் ஒரு குத்து.

முதல் கடையில் குதிரை நின்றது. அவர் துடைப்பத்தை ஓங்குவதற்குள் கடைக்காரி கோப்பையோடு வந்துவிட்டாள்.

"என்ன ரெமி, உன் பீரு உனக்கே எறங்கலையா?"

காய்ச்சியவனே வேண்டாமென்றால் அப்புறம் எவன் வாங்குவான்? குடித்தார். அடுத்த கடையிலும் குடித்தார். அதற்கடுத்த கடையிலும். தேவாலயம் வருவதற்குள் பின்பக்க வைக்கோலில் சரிந்து குறட்டை விட்டார். கட்டிப்பிடித்திருந்த துடைப்பம் மட்டும் கொடிக்கம்பம்போல் நின்றது.

ஐயோ, அங்கேதான் அஷீலின் சங்கிலி அறுந்தது. மிதிவண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மதுக்கடைகளும் முடிந்துவிட்டன. லாயத்து வாசனை பிடித்த குதிரை பிய்த்துக்கொண்டு பறந்தது. சுல்மா கடிவாளத்தை இழுத்தாள், கெஞ்சினாள், திட்டினாள்.

"ஓடுடா என் ராசா! குதிரை மேல ஏறிரும்டா!"

பின்கழுத்தில் குதிரையின் மூச்சுப் பட்டதும் அஷீல் ஓடினானே ஓர் ஓட்டம்! பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டித் தொப்பென்று விழுந்தான்.

"துடைப்ப வண்டி! துடைப்ப வண்டி!" ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சத்தத்தில் ரெமி எழுந்தார். "எவன்டா ஏறுனான் வண்டில?"

"நீங்க ஒருத்தர்தாம்ப்பா," என்றாள் சுல்மா.

அன்று சாயங்காலம் தன் வீட்டு வாசற்படிக்கு வெளியே, தலையெல்லாம் வைக்கோலும் கையில் துடைப்பமுமாக நின்றார் ரெமி. சொன்ன சொல் தவறாத மனுஷன்.

உள்ளேயிருந்து அஷீல் குரல் கொடுத்தான்: "பரவால்ல, உள்ள வாங்க மாமா."