ஹோய்ட் குட்டையின் டீச்சர்

மீன் பிடிக்கிறவன் சொல்லும் அளவை மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரறிந்த கணக்கு. வடக்கு அலபாமாவின் அந்த மலையடிவார ஊரில் இந்தக் கணக்குக்கு ஒரே ஒருவர்தான் விலக்கு. அவர் ரேஃபர்ட் மூடி. வயது ஐம்பத்தெட்டு. கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டினார்; பாப்டிஸ்ட் சபையில் பொறுப்பாளர்களில் ஒருவர், அதாவது டீக்கன். அவர் பதினான்கு அங்குலம் என்று சொன்னால் மீன் பதினான்கு அங்குலம்தான் இருக்கும், பதினைந்து இருக்காது. ஆற்றங்கரையில் இரண்டு பேர் மீனுக்காக மல்லுக்கட்டினால் மூன்றாமவன், "ரேஃபர்ட்டக் கூப்புடு, அந்த ஆளு வாயில பொய்யே வராது" என்பான்.

அவருடைய மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மதியச் சாப்பாடு ஹோய்ட் லாங்லி வீட்டில்தான். இளவயதில் இருவரும் காலுறை மில்லில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்கள். மில் மூடியதும் ஹோய்ட் மாடு வளர்க்கப் போனார். வீட்டுக்குப் பின்னால் மேட்டுக்கு அந்தப்புறம் இருந்த பள்ளத்தில் கரை போட்டு, இரண்டு ஏக்கரில் ஒரு குட்டை அமைத்தார். மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலிங்குக் குழாயைப் பதித்தது ரேஃபர்ட். மீன் குஞ்சு வாங்கி விட்டது ஹோய்ட்.

அந்தக் குட்டையில் ஒரு பெரிய பெண் பாஸ் மீன் இருந்தது. ஐந்து வருடத்தில் நான்கு முறை ஹோய்ட்டின் தூண்டிலில் மாட்டி, நான்கு முறையும் தண்ணீருக்கே திரும்பியது. வால் துடுப்பில் மேல்முனை ஆமை கடித்ததுபோல் பிய்ந்திருக்கும். வாயின் இரு ஓரமும் கீழே இழுத்திருக்க, அது பார்க்கும் பார்வை மூன்றாம் வகுப்பில் இருவரையும் முட்டிபோட வைத்த ஆசிரியையைப்போலவே இருந்ததால், அதற்கு டீச்சர் என்று பேர்.

ஹோய்ட்டுக்கு ஒரே சட்டம். "மார்ச்சுல சினை மீன எடுத்தீன்னா, ஒரு மீனயாடா எடுக்கறே? பத்தாயிரத்த எடுக்கறே" என்பார். அவர் குட்டையில் யார் தூண்டில் போட்டாலும் வசந்தம் முடியும்வரை சினை மீன் தண்ணீருக்குத்தான் திரும்ப வேண்டும்.

அந்த வருடம் ஜனவரியில் ஹோய்ட்டைப் பக்கவாதம் சாய்த்தது. இடது கையும் இடது காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணி, சொற்கள் வழுக்கி வழுக்கி வந்தன. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மேடு மறைப்பதால் அங்கிருந்து குட்டை தெரியாது.

"நீ போயி தூண்டில் போடு" என்றார் ரேஃபர்ட்டிடம். "போட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

மார்ச் முதல் வாரத்தில் இரண்டு நாள் தெற்குக் காற்று அடித்தது. மூன்றாம் நாள் பிற்பகல் ரேஃபர்ட் லாரியை நிறுத்திவிட்டு, தன் பழைய வண்டியில் குட்டைக்குப் போனார். மரங்களில் இன்னும் இலை வரவில்லை. தண்ணீர் டீ நிறத்தில் லேசாகக் கலங்கியிருந்தது. கரையோரம் முழங்கால் ஆழத்தில் வெயில் இறங்கி, கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தது. தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த வில்லோ மரத்தின் கிளைகளுக்கு நடுவே ஊதா நிற ரப்பர் புழுவை மெல்ல இறக்கினார்.

தூண்டில் நரம்பு ஒரு முறை தட்டியது. பிறகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. ரேஃபர்ட் கோலைத் தூக்கினார். அடிமரத்தில் மாட்டியதுபோல் இருந்தது. மறுகணம் அந்த அடிமரம் ஓடியது.

ஐந்து நிமிடம் கழித்து அவர் முழங்கால் நனைய நின்று, அதன் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார். வால் பிய்ந்திருந்தது. வயிறு சினையால் புடைத்துத் தொங்கியது. கைத்தராசில் மாட்டினார். பத்தரை பவுண்டு காட்டியது.

அப்படியே விட்டிருக்கலாம். விடத்தான் குனிந்தார். குனிந்தபோதுதான் தெல்மாவின் கடைச் சுவர் நினைவுக்கு வந்தது.

நெடுஞ்சாலை முக்கில் தெல்மாவின் தூண்டில் கடை. உள்ளே ஒரு பலகையில் பத்து பவுண்டுக்கு மேல் பாஸ் பிடித்தவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். முத்திரை வைத்த தராசும் அங்கேதான். நாற்பது வருடமாக அடுத்தவன் மீனுக்குச் சாட்சி சொன்ன ரேஃபர்ட்டின் முகம் அந்தப் பலகையில் ஒரு முறைகூட ஏறவில்லை. போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம், படம் எடுக்க ஐந்து. வண்டியில் பெரிய தகரத் தொட்டி கிடந்தது. குட்டைத் தண்ணீரை மொண்டு அதில் நிரப்பி, டீச்சரை உள்ளே விட்டு, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினார்.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தெல்மா கல்லாவுக்குப் பின்னாலிருந்தே கத்தினாள்.

"அய்யய்யோ, யாரு இது! டீக்கனா? கண்ணு, அது மீனா, உன் லாரில ஏத்துன கன்னுக்குட்டியா?"

தராசு பத்து பவுண்டு பதினோரு அவுன்ஸ் என்றது. கைதட்டினார்கள். கேமராவில் பிலிம் தீர்ந்திருந்தது. தெல்மா புதுச் சுருளைத் தேடினாள். ஒருவன் வெளியே ஓடி தன் அண்ணனைக் கூட்டிவந்தான். இன்னொருவன் மீனின் வாயைப் பிளந்து பார்த்தான். ஆளாளுக்குத் தோளில் தட்டிக்கொடுக்க ரேஃபர்ட் நின்றார். நாற்பது நிமிடம் ஓடிவிட்டது.

"எங்க புடிச்ச?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆத்துல. அணைக்குக் கீழ."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. குட்டைக்கு ஆட்கள் திருட்டுத்தனமாக வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று அப்போதே தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ரேஃபர்ட் சொன்னதாயிற்றே.

மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டு மூடி, கிளம்புமுன் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது டீச்சர் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. தொட்டித் தண்ணீரில் மஞ்சள் முத்துகள்போல சினை கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அவர் ஓட்டிய வேகத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் சாலையில் கொட்டியது. குட்டையில் இடுப்பளவு இறங்கி, அதை இரண்டு கையிலும் ஏந்தி, செவுளில் தண்ணீர் ஏறும்படி முன்னும் பின்னும் ஆட்டினார். "வாம்மா, மூச்சு விடு, வாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஆட்டினார். செவுள் இரண்டு முறை திறந்தது. பொழுது சாயும்வரை ஆட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை திறக்கவில்லை.

அவ்வளவு பெரிய மீனை வறுத்துத் தின்ன அவருக்கு மனம் வரவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே செம்மண்ணைத் தோண்டிப் புதைத்தார். வீட்டில் மூன்று முறை சோப்புப் போட்டும் விரலிடுக்கில் சினையின் பிசுபிசுப்பு இருப்பதுபோலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹோய்ட்டின் மனைவி ஜூவல் பொரித்த கோழியும் சோளரொட்டியும் வைத்தாள். ஹோய்ட் நல்ல கையால் மேசையைத் தட்டினார்.

"டீச்சரப் பாத்தியா?"

சொல்லிவிடத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் வாக்கியத்தைக் கூட்டி வைத்திருந்தார். ஆனால் ஹோய்ட்டின் கோணிய முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு வெளிச்சம் இருந்தது.

"பாத்தேன்" என்றார். "வில்லோ மரத்துக்கிட்ட. நின்னுகிட்டிருந்துச்சு."

"குண்டாவா?"

"நல்ல குண்டு."

ஹோய்ட் சிரித்தார். எச்சில் ஒழுகியது. ஜூவல் துடைத்துவிட்டாள். ரேஃபர்ட் ரொட்டியை ஐஸ் போட்ட டீயோடு விழுங்கினார்.

அடுத்த வாரம் டீச்சர் கலிங்கோரம் தவளையை விழுங்கியது. அதற்கடுத்த வாரம் ரேஃபர்ட்டின் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ஒரு பொய்க்குச் சோறு போட்டால் அது குட்டி போடும் என்பது அவருக்குத் தெரியும். சபையில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தப் பொய் இன்னொன்றும் செய்தது. கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணை அதுவரை திட்டி விரட்டிக்கொண்டிருந்த ஹோய்ட், இப்போது அவள் வருமுன்பே வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார்.

ஜூவல் ரேஃபர்ட்டை வண்டிவரை வந்து வழியனுப்பினாள். கண் கலங்கியிருந்தது.

"ரேஃபர்ட் பிரதர், டாக்டர் செய்ய முடியாதத நீங்க செஞ்சிட்டீங்க. ஏப்ரல் முடியறதுக்குள்ள அந்த மீன இன்னொரு வாட்டி புடிச்சே தீருவேன்னு சொல்றாரு. ஹால் முழுக்க நடக்கறாரு. கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்."

ரேஃபர்ட் தொப்பியை மட்டும் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாள் தெல்மாவின் கடைக்குப் போய், பலகையிலிருந்து படத்தை எடுக்கச் சொன்னார்.

"ஏன் கண்ணு, மூக்கு பெருசா விழுந்திருக்கா? நாலு வருசமா ஒருத்தனும் இவ்ளோ பெருசா கொண்டாரல. எடுக்க மாட்டேன் போ."

"எடுத்துரு தெல்மா. கேட்டதுக்குச் செய்யி."

"மீன் புடிச்சுட்டு வெக்கப்படற ஆம்பளய இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் அவள். படம் அங்கேயே இருந்தது.

ஏப்ரல் கடைசியில், டாக்வுட் மரங்களின் வெள்ளைப் பூ உதிர ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை, ஹோய்ட் மேட்டின் மேல் ஏறினார். வாக்கரை ஒரு அடி வைப்பார், காலை இழுப்பார், நிற்பார். ரேஃபர்ட் மடக்கு நாற்காலியும் தூண்டில் கோலும் சுமந்து பக்கத்திலேயே போனார். போகும் வழியில் மூன்று இடத்தில் சொல்ல வாயெடுத்தார். மூன்று இடத்திலும் ஹோய்ட், "பேச்சுக் குடுக்காத, மூச்சு வாங்குது" என்றார்.

கரையில் உட்கார வைத்ததும் ஹோய்ட் வலது கையால் வீசினார். முதல் வீச்சு புல்லில் விழுந்தது. ஏழாவது வீச்சில் புழு வில்லோ கிளைக்குப் பக்கத்தில் சரியாகப் போய் இறங்கியது. ஹோய்ட் திரும்பிப் பார்த்தார். பெருமை முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் போயிற்று. சின்ன மீன்கள் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

"இங்கதான் இருக்கா" என்றார் ஹோய்ட். "எனக்குத் தெரியும். நாளைக்கும் வருவம். நாளன்னிக்கும் வருவம்."

"ஹோய்ட்."

"ம்."

"அது இல்லடா. நான் கொன்னுட்டேன்."

சொல்லத் தொடங்கியபின் ரேஃபர்ட் எதையும் விடவில்லை. தொட்டி, தராசு, பலகை, ஆறு என்று சொன்னது, சினை உதிர்ந்தது, பைன் மரத்தடி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்ன ஒவ்வொரு கதை. சொல்லி முடிக்கும்வரை ஹோய்ட் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். புழு அடியில் கிடந்தது. அதை அவர் இழுக்கவில்லை.

"படத்துக்கா?" என்றார் ஹோய்ட்.

"ஆமா."

"எங்கிட்ட கேட்டிருந்தா, இங்கயே வந்து ஜூவல் எடுத்திருப்பாளேடா."

இது ரேஃபர்ட்டுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதுவரை சுமந்ததைவிட அந்த ஒரு வாக்கியம் கனத்தது.

"கெழவனுக்கு முட்டாய் குடுக்கற மாதிரி குடுத்துருக்க" என்றார் ஹோய்ட். "வாரா வாரம். நான் வாயத் தெறந்து வாங்கித் தின்னுருக்கேன்." வாக்கரைப் பிடித்து எழ முயன்றார். ரேஃபர்ட் கை நீட்டினார். "தொடாத."

திரும்பும்போது மேடேற முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை ஹோய்ட் முட்டி மடங்கி நின்றார். ரேஃபர்ட் நாற்காலியோடு பத்தடி பின்னால் நின்றார். கிட்டே போக அனுமதி இல்லை. பின்வாசலில் ஹோய்ட் திரும்பாமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வராத."

ரேஃபர்ட் நேராகத் தெல்மாவின் கடைக்குப் போனார். சனிக்கிழமைக் கூட்டம் இருந்தது. பலகையிலிருந்து தன் படத்தைத் தானே பிய்த்து எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த மீன் ஆற்று மீன் இல்லை என்றும், விட வேண்டிய சினை மீனை விடாமல் கொன்றதாகவும் சொன்னார். குட்டை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. மூலையில் ஒருவன், "அப்ப போன வருசம் என் மீன பதிமூணுன்னு அளந்தியே, அதுவும் இப்படித்தானா?" என்றான். கடை சிரித்தது. ரேஃபர்ட்டும் நின்று அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆற்றங்கரைச் சண்டைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் டீக்கன் பொறுப்பிலிருந்தும் எழுதிக் கொடுத்து விலகிவிட்டார். பாஸ்டர் வேண்டாம் என்றார், ரேஃபர்ட் கேட்கவில்லை.

கோடை முழுவதும் ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டில் டப்பா பீன்ஸைச் சூடு பண்ணித் தின்றார். ஹோய்ட் நடப்பதை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் பெரிய பயம். ஒருநாள் தபால் நிலையத்தில் ஜூவலைப் பார்த்தார். அவள் முகம் இறுகியிருந்தது, ஆனாலும் நின்றாள்.

"நடக்கறாரு" என்றாள். "முன்னயவிட அதிகமாவே. உங்களத் திட்டிக்கிட்டே நடக்கறாரு."

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை ஜூவல் தொலைபேசியில் கூப்பிட்டாள். கலிங்குக் குழாய் பக்கத்தில் கரை அரித்து, தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. ஆள் தேடினால் வேறு யாருக்கும் அந்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை.

ரேஃபர்ட் போனபோது ஹோய்ட் கரைமேல் நின்றிருந்தார். வாக்கர் இல்லை, கைத்தடி மட்டும். ரேஃபர்ட் மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினார். மணல் மூட்டை அடுக்கினார். குளிர்ந்த தண்ணீர் தொடைவரை ஏறியது.

"எடது பக்கம் இன்னும் ஒண்ணு" என்றார் ஹோய்ட் மேலிருந்து.

வைத்தார்.

"அங்கயில்ல. கீழ. நீ போட்ட கொழாதான, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா வையி."

மதியத்துக்கு ஒழுக்கு நின்றது. ரேஃபர்ட் மேலேறி வந்து, சேற்றுக் கையைப் புல்லில் துடைத்தார். மன்னித்துவிட்டாயா என்று கேட்க நினைத்தார். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டதால் கேட்கவில்லை. ஹோய்ட்டும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கப்புறம் ஹோய்ட் உயிரோடிருந்த நான்கு வருடத்திலும் இருவரும் எத்தனையோ நாள் அந்தக் கரையில் அருகருகே உட்கார்ந்தார்கள். ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று, வண்டியில் ஏறப்போன ரேஃபர்ட்டைக் கைத்தடியை நீட்டி நிறுத்தினார்.

"மணல் மூட்ட தாங்காது. சிமெண்ட் போடணும். நாளைக்கு வா."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமடா."

"எனக்குத் தெரியாதா என்ன கெழமைன்னு?" என்று சொல்லிவிட்டு, ஹோய்ட் காலை இழுத்து இழுத்து மேட்டைப் பார்த்து நடந்தார்.