மீன் வண்டிக்கு வைத்தியம்

தோத்தாத்ரி சார் ரயில்வே எலெக்ட்ரிகலில் இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சூரில் எங்களுக்கு எதிர் வீடு. ஓய்வெல்லாம் உத்தியோகத்துக்குத்தான். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். அவருடைய மல்டிமீட்டரை வேறு யாரும் தொடக் கூடாது. வெள்ளம் வந்த வருஷம் மாடிக்கு முதலில் ஏறியது பெருமாள் படம், அடுத்து மீட்டர், மூன்றாவதுதான் அவர் மனைவி காமு மாமி. மாமியே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த வீட்டுக்குள் பூண்டுகூட நுழையாது. ஆனால் தெருவில் உருப்படியான நிழல் அவர்கள் வாசலில் இருக்கும் புங்கமரத்தடியில்தான். அங்கேதான் ரங்கனின் மீன் வண்டி நிற்கும்.

ரங்கன் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். தோள்பட்டை விட்டுப்போய் வலை இழுக்க முடியாமல், ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு கரையேறியவர். காலையில் நாவலூரில் பாதி மீனை விற்றுவிட்டு, மீதியை ஐஸ் பெட்டியோடு இங்கே கொண்டுவருவார். அவர் மனைவி அங்காளம்மா மரத்தடியில் உட்கார்ந்து விற்பார். நான் அவரிடம் வாடிக்கை.

இந்த வருஷம் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. வரும்போது ஒழுங்காக வரும். நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரு ஆண்கள் கூடித் தள்ளுவார்கள். தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, மொத்த ஒயரிங்கையும் மாற்றிவிடு என்றாராம். ரங்கன் தயங்கிக்கொண்டு நின்றபோது சார் மீட்டரோடு வெளியே வந்தார்.

வந்தார் என்றால், முன்பக்கம் வந்தார். மேல்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நின்று பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட் காட்டியது. சார்ஜ் உற்பத்தி ஆகிறது, ஆகவே பாட்டரிதான் செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். புது பாட்டரி வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் 'டிக்' என்றது.

அப்படியானால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்றார் சார். முதலில் பாட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். பிறகு அம்மன் படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் லைட். பிறகு ஏர் ஹாரன். வண்டிக்குப் பாட்டு போச்சு, வெளிச்சம் போச்சு, குரலும் போச்சு. வியாதி மட்டும் அப்படியே இருந்தது. ஹாரன் இல்லாததால் ரங்கன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்திக்கொண்டே தெருவுக்குள் வருவார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அந்த வண்டிக்கு பாட்டரி இருப்பது முன்னால் இல்லை. பின்னால், மீன் பெட்டி வைக்கும் தட்டுக்குக் கீழே, ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடத்தில். சார் அங்கே போகவே இல்லை. மீட்டரை ரங்கன் கையில் கொடுத்து வைக்கச் சொல்லலாம் என்றால், அதை வேறு யாரும் தொடக் கூடாதே. ஆக, வாடை எட்டாத இடத்தில் மட்டும் வைத்தியம் நடந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் எனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது, சும்மா இருந்தேன்.

கடைசியில் அங்காளம்மா பொறுமை இழந்துவிட்டார். கூடுவாஞ்சேரியில் பழைய வண்டி எடுக்கிற ஆளிடம் பேசியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துப் போகப்போகிறான் என்று மீனை அரிந்துகொண்டே என்னிடம் சொன்னார். நான் சாரிடம் சொன்னேன். அவர் வாசலுக்கு வந்தபோது ரங்கன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வலை இழுக்கவும் கை இல்ல சார். வண்டியும் போச்சுன்னா வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?" என்றார் ரங்கன்.

சார் மேல்துண்டை அவிழ்த்து மரக்கிளையில் போட்டார். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிறகு, எங்கள் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பின்பக்கம் போய் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வேட்டி மட்டும் தெரிந்தது.

பாட்டரியின் மைனஸ் முனையிலிருந்து சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, ஒரு தடித்த எர்த் ஒயர் போகிறது. அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்ஜினை நிறுத்தி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் பச்சைப் பொடி. உற்பத்தியான கரண்ட் பாட்டரிக்குப் போய்ச் சேர வழியே இல்லை. பாவம், பாட்டுப் பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

சார் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி இறுக்கிவிட்டு வெளியே வந்தார். தலையிலிருந்து மீன் தண்ணீர் வழிந்தது. காமு மாமி வாளியில் தண்ணீரோடு கேட்டருகே நின்றிருந்தார்.

வெறும் ஐஸ் தண்ணீருக்குச் செம்பு இவ்வளவு அரித்துப்போகாதே, வண்டியில் வேறு என்ன ஊற்றுகிறீர்கள் என்று சார் கேட்டார். ரங்கன் தயங்கித்தான் சொன்னார். அவர் ஊர் போரிங்கில் வருவது உப்புத் தண்ணீர். அதை டிரம்மில் நிரப்பி, பிளீச்சிங் பவுடர் கலந்து எடுத்து வருவாராம். தினமும் எங்கள் தெருவுக்குத் திரும்புமுன் ஏரிக்கரையில் பெட்டிகளை இறக்கிவிட்டு, வண்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாராம்.

"தெனமுமா? எதுக்கு?" என்றார் மாமி.

"நீங்கதாம்மா சொன்னீங்க, வாடை வருதுன்னு."

மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டார். வண்டி இங்கே நிற்க ஆரம்பித்த புதிதில், என்றோ ஒரு நாள், போகிற போக்கில் சொன்ன வார்த்தை. அவருக்கே நினைவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வண்டியைத் தள்ளிக் கிளப்பி, அரை மணி ஓடவிட்டு நிறுத்திய பிறகு ரங்கன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. இனிமேல் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவவே கூடாது என்றார் சார். அங்காளம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் ரங்கன், சார் சொன்னபடி, கழுவாமல்தான் வந்தார். ஆனால் வண்டியைப் புங்கமரத்தடிக்குக் கொண்டுவரவில்லை. தெருக் கோடியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் நிறுத்தியிருந்தார். அங்காளம்மா முக்காடு போட்டுக்கொண்டு அங்கேயே மீனைப் பரப்பியிருந்தார்.

காமு மாமி செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். நானும் பையோடு பின்னால் போனேன்.

"ஏன் இங்க நிக்கறேள்?" என்று கேட்டார் மாமி.

"இன்னிக்குக் கழுவலம்மா. கவிச்சி அடிக்குது."

"அடிச்சா அடிக்கட்டும். வாங்கோ, நம்மாத்து வாசல்ல நிழல் இருக்கு."