பொய் யன்னல்

ஒஸ்லோவில் கட்டடக்கலை படித்த கடைசி வருடம், வரைபடப் பயிற்சிக்கு எனக்கு வாய்த்தது இங்கிலாந்து நாட்டுப்புறத்துப் பழைய செங்கல் மாளிகை ஒன்று. அதன் முகப்பைக் கல் கல்லாக வரைய வேண்டும். ஒரு கல்லின் நீளப்பக்கம், அடுத்ததன் தலைப்பக்கம் என்று மாறி மாறி வரும் கட்டு. ஒன்று பிழைத்தால் வரிசை முழுவதையும் அழித்துத் திரும்பக் கீற வேண்டும். கண் பூத்துப்போகும்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் நாங்கள் வாங்கிய மர வீட்டின் குசினி மேசையில்தான் வரைந்தேன். பஸ் ஓட்டிவிட்டு வரும் என் கணவர் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து பார்ப்பார். ஒருநாள் மேல்மாடி யன்னல் ஒன்றில் விரலை வைத்தார்.

"இதை ஏன் கறுப்பா அடிச்சு வைச்சிருக்கிறீர்?"

"அது பொய் யன்னலப்பா. பின்னாலை புகைபோக்கி போகுது. கல்லாலை அடைச்சு, கறுப்புப் பூசி, மேலை வெள்ளைச் சட்டம் கீறியிருக்கிறாங்கள்."

"உள்ளை ஒண்டும் இல்லையெண்டால் சும்மா விட்டிருக்கலாமே?"

"விட்டால் ஒரு பக்கம் வெறுமையாகி முகப்பு நொண்டியாப் போயிடும்."

"வெள்ளைக்காரன் வெளிப்பூச்சிலை விண்ணன்தான்" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டுக்கும் மேலே இரண்டு யன்னல். ஒன்று எங்கள் அறை. மற்றது சின்ன அறை. வீடு வாங்கிய கையோடு முயல் படம் போட்ட திரைச்சீலையை அவரே வாங்கி அதில் மாட்டினார். தொட்டில்தான் வரவில்லை. ஊசியும் மாத்திரையுமாய் வருடங்கள் போயின. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தேன். கோயிலில் ஒருத்தி, "என்ன, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்றாள். "இருந்தால் மைக்கிலை சொல்லுவிக்கிறன்" என்றேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிறகு கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

வரைபடம் கொடுக்க இருந்த கிழமை, இனி முயன்று பலனில்லை என்று வைத்தியர் சொன்னார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் நோகாதா என்ன? காரில் வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் பனிக்குள் நின்று மேலே பார்த்தேன். அந்த முயல்கள். எனக்கு விசர் பிடித்தது. ஏறிப் போய்த் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கொளுக்கி கழன்றது. பின்னால் வந்தவர் என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ. இனி ஆருக்கு இது?"

"இருக்கட்டும்" என்றார். "கழட்டினால் முகப்பு நொண்டியாப் போயிடும்."

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். கொளுக்கியை நானே திரும்ப மாட்டினேன்.