நெடுக்கில் போட்ட பலகை

பேத்தி பிறந்த சேதி வந்தபோது டிரைவர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். துருப்பிடித்த நட்டு ஒன்று காலையிலிருந்து அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது. மகளுக்குத் துணையாக டவுனுக்குப் போயிருந்த மனைவிதான்.

"பொண்ணு பொறந்திருக்கா. மூக்கு அப்படியே உங்க மூக்கு. பாவம்!"

படுத்திருக்கிற இடம் மறந்து எழுந்தார் மனுஷன். இரும்புச் சட்டத்தில் நெற்றி ணங்கென்று மோதியது.

"அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. தாத்தா ஆயிட்டேன்ல, மணி அடிச்சாங்க."

அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார். ஆனால் டிரெய்லர் பாதித் தளம் கழன்று எலும்புக்கூடாக நின்றது. திங்கட்கிழமை மக்காச்சோள அறுவடை. தொடங்கிவிட்டால் கடைசி மூட்டை இறங்கும் வரை டிராக்டரை விட்டு நகர முடியாது. அதற்குள் குழந்தை குப்புற விழக்கூடக் கற்றுக்கொண்டுவிடும்.

போன வருஷமே தளம் போய்விட்டது. பலகைகள் தேய்ந்து, இடைவெளியில் சோளம் ஒழுகி, வண்டிக்குப் பின்னால் குருவிக் கூட்டம் ஊர்வலம் வந்தது. முதலாளி வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோவ், நான் உனக்குச் சம்பளம் குடுக்கிறேனா, குருவிக்குக் குடுக்கிறேனா? அடுத்த அறுவடைக்குள்ள தளத்தை மாத்து. இல்லேன்னா வண்டியை எடைக்குப் போட்டுடுவேன்."

எடைக்குப் போடுவதாவது! அவர் கல்யாணம் ஆன வருஷம் வந்த வண்டி அது. ஒவ்வொரு பலகையாகக் கழற்றும்போதும் கை தானாக நின்றது. இந்த விரிசல், மகள் தனிக்குடித்தனம் போன அன்று பீரோவைத் தவறவிட்டதில் வந்தது. மாப்பிள்ளை கால்விரலை வேறு நசுக்கிக்கொண்டு, வலிக்கவே இல்லை மாமா என்று சிரித்தபடி ஒரு வாரம் நொண்டினார். இந்தக் கறுப்பு வட்டம், மழையில் மாட்டிக்கொண்டு வண்டி மேலேயே ஸ்டவ் பற்றவைத்து டீ போட்ட இடம். முன் மூலையில்தான் மரப்பெட்டிக்குள் துணி விரித்து, கைக்குழந்தையாக இருந்த மகளைப் போட்டிருப்பார்கள். மனைவியும் இன்னும் மூன்று பெண்களும் பின்னால் நின்று, அகலத் தட்டு வைத்த ஷவலைத் தளத்தோடு தள்ளிச் சோளத்தை வாரி இறக்குவார்கள். அவ்வளவு தூசியிலும் அது பாட்டுக்குத் தூங்கும். அந்தப் பொண்ணுக்கு இப்போது ஒரு பொண்ணு! டிரைவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

மரக்கடையில் வண்டி நீளத்துக்குப் பலகை இல்லை. குட்டைப் பலகைதான் இருந்தது. "நீளம் வேணும்னா ரெண்டு வாரம் ஆகும்ணே" என்றார் கடைக்காரர். இரண்டு வாரமா? டிரைவர் மனக்கணக்குப் போட்டார். பழைய பலகைகள் முன்னிருந்து பின்னாக, நெடுக்கில் கிடந்தன. குறுக்கில் போட்டால் இதே குட்டைப் பலகை அளவாக உட்காரும். மரம் மரம்தானே, எப்படிப் படுத்தால் என்ன?

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே வேலை முடிந்தது. ஒரு குண்டூசி நுழையாது. முதலாளி மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார். "பிரமாதம்யா. மேல பாய் போட்டுப் படுக்கலாம் போல இருக்கே. போ, போய் பேத்தியைப் பாத்துட்டு வா."

விடிந்தால் முதல் பஸ். இரண்டு முழு நாள் குழந்தையோடு. பையில் துணி எடுத்து வைத்தாயிற்று. சின்னதாக ஒரு சிவப்புக் கவுன் வாங்கியிருந்தார், பொம்மைக்கு வாங்கியதோ என்று சந்தேகப்படும் அளவில்.

பெருமை தாங்காமல் டிரெய்லர் மேல் நின்று வீடியோ கால் போட்டார். "பேத்தி எங்கே, காட்டு. இங்க பாரு தங்கம், தாத்தா போட்ட தளம்!"

போனில் குழந்தை கொட்டாவி விட்டது. மனைவியின் முகம் குறுக்கே வந்தது.

"ஏங்க, பலகையைக் குறுக்கவா போட்டிருக்கீங்க?"

"ஆமா. எப்படி, சும்மா கண்ணாடி மாதிரி இல்ல?"

"கண்ணாடி மாதிரிதான் இருக்கு. அது மேல நீங்க ஒரு தடவை ஷவல் தள்ளிப் பாருங்க."

"ஏன், தள்ளினா என்னவாம்?"

"பாருங்களேன். பாப்பா அழுவுது, வைக்கிறேன்."

டிரைவருக்குச் சுள்ளென்று வந்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டினது யார், இவளா? இதையும்தான் பார்த்துவிடுவோம் என்று இரண்டு மூட்டை சோளத்தைத் தளத்தில் கொட்டினார். அகல ஷவலை எடுத்து, பின்பக்கம் நின்று ஒரு தள்ளு தள்ளினார்.

டக்.

இடுக்கு இல்லாவிட்டாலும், அடுத்த பலகை ஒரு நூல் மேலே நின்ற விளிம்பில் ஷவல் முனை முட்டி நின்றது. பிடி வயிற்றில் குத்தியது. கொஞ்சம் தூக்கித் தள்ளினார். அடுத்த விளிம்பில் இன்னொரு டக். இரண்டாவது குத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நெடுக்குப் பலகையில் இந்தச் சத்தம் வந்ததே இல்லை. டிராக்டர் இருக்கையில் அவர் சாய்ந்திருப்பார். பின்னால் சர்ர்ர் என்று ஒரே இழுப்பாக ஷவல் ஓடும். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆச்சா? இன்னுமா ஆகல?" என்று ஹாரன் அடிப்பார். "ஐயாவுக்குக் கால் வலிக்குது போல, உக்காந்து உக்காந்து!" என்று பெண்கள் கத்துவார்கள். வண்டியை முன்னால் இருந்து மட்டுமே அவருக்குத் தெரியும். பின்னால் இருந்து தெரிந்தவள் மனைவிதான்.

முதலாளி பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லியாயிற்று. அந்த மூன்று பெண்களும் இரண்டு நாள் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். மனைவியும் அறுவடை முடிவதற்குள் வந்துவிடுவாள், இதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதுதான் கஷ்டம். டிரைவர் பையைப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

காலையில் முதல் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது அவர் மறுபடி டிரெய்லருக்கு அடியில் கிடந்தார். "போடா போ" என்றார் பஸ்ஸைப் பார்த்து.

குட்டைப் பலகையை நெடுக்கில் போட்டால் நடுவே ஒட்டு வரும். ஒட்டு ஒவ்வொன்றையும் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரவைத்தார். ஷவல் பின்னிருந்து முன்னாகப் போவதால், ஒட்டுக்கு அப்பால் வருகிற பலகையின் நுனியை நூல் அளவுக்கு இழைத்துத் தாழ்த்தினார். முனை முட்ட இடமே இல்லை. சோளத்தைக் கொட்டித் தள்ளினார். சர்ர்ர். அந்தச் சத்தம் கேட்டதும் மனுஷனுக்கு ஆசை அடங்கவில்லை. கொட்டகையில் இருந்த சோளத்தை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். முதலாளி எட்டிப் பார்த்து, "பேத்தி பொறந்ததுல ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சாயங்கால பஸ்ஸில் திரும்பியாக வேண்டும்.

"வாங்கப்பா. இப்பதான் வழி தெரிஞ்சுதா? உங்க பேத்தி உங்ககூட காயாம்" என்றாள் மகள்.

"எங்கே, காட்டு அந்தப் பெரிய மனுஷியை."

"முதல்ல கையைக் கழுவுங்க" என்று மனைவி தடுத்தாள். கழுவிவிட்டு வந்து நீட்டினார். குழந்தையை வைக்கப் போனவள் நிறுத்தி, அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் கொப்புளம். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கையில் அந்த இடத்தில் எதுவும் வராது; அது ஷவல் பிடி உரசுகிற இடம். அவளுக்குத் தெரியாதா?

"வயித்துலயா, நெஞ்சுலயா?" என்றாள் மெதுவாக.

"வயித்துல. ரெண்டு தடவை."

"அம்மா, என்னம்மா ரெண்டு தடவை?" என்றாள் மகள். மனைவி சிரித்தாள். அவர் உள்ளங்கையில் மெத்தென்று ஒரு துணியை மடித்து வைத்து, அதன் மேல் குழந்தையைப் படுக்கவைத்தாள்.

டிரைவர் அசையவில்லை. மூக்கு அப்படியே அவர் மூக்குதான்.