இடது ஓரத்து முழங்கை

ஈரத்துண்டுகள் என்ற எங்கள் ஊர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டை யாராவது வைத்திருந்தால் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவும். பாடுகிற ரோவீனாவும் அவளுடைய அண்ணன்மார் இருவரும் நடுவில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது என் தம்பி நெவில் டூலியின் முழங்கை. படம் எடுத்தவர் மேல் தப்பில்லை. சரியாக அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நாயின் காலில் வயர் சுற்றிக்கொண்டது. அதை எடுத்துவிட நெவ் நகர்ந்தான்.

அவன் எப்போதும் அப்படித்தான். பங்க் என்ற முரட்டு ராக் இசைக்குழுவில் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், கிதார்க்காரரைப் பார்ப்பார்கள், டிரம்ஸை உடைப்பவரையும் பார்ப்பார்கள். அடிச்சுருதி கொடுக்கும் பேஸ் கிதாரை வாசிப்பவர் ஓரத்தில் நிற்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் நிறுத்தினால் கூட்டம் குதிப்பதை நிறுத்திவிடும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பல தடவை நின்று கவனித்திருக்கிறேன்.

பிரிஸ்பேனில் ஆற்றுக்குத் தெற்கே, மரத்தூண்களின் மேல் நின்ற பலகை வீடு எங்களுடையது. மேலே நாங்கள் குடியிருந்தோம். கீழே, தூண்களுக்கு நடுவில், துவைக்கும் தொட்டியும் துணிக்கொடியும் அப்பாவின் மீன் வலைகளும் இருந்தன. அப்பா பஸ் ஓட்டினார். விடியுமுன் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து தூங்குவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதவைக்கூடச் சத்தமாகச் சாத்த மாட்டோம்.

நெவ் பேஸ் பக்கம் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ரோவீனாவின் மூத்த அண்ணன் பேரியிடம் கிதார் இருந்தது, இளைய அண்ணன் கீத்திடம் டிரம்ஸ் இருந்தது. ஒரு பேஸ் ஆள் வேண்டும் என்றார்கள். நெவ் சரி என்றான். அவன் எதற்கும் சரி என்கிறவன். அடகுக் கடையில் ஒரு பழைய பேஸ் கிதார் கிடைத்தது. ஆம்ப்ளிஃபையர் வாங்க வழியில்லை. வாங்கியிருந்தாலும் அப்பா தூங்கும்போது போட முடியாது. ஆம்ப் இல்லாத பேஸ், கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் போடும்.

ஒரு மத்தியானம் நான் சமையலறை மேசையில் கல்யாணக் கேக்குக்குச் சர்க்கரைக் குழைவில் ரோஜா இதழ்கள் பிழிந்துகொண்டிருந்தேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, கேக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அவசர ஆர்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து முடிப்பது வழக்கம். திடீரென்று என் பாதத்தில் என்னவோ ஏறியது. காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. டிராயருக்குள் ஸ்பூன்கள் மெதுவாக முனகின.

"கீழே என்னடா பண்றே? ஸ்பூனெல்லாம் பாடுது," என்றார் அம்மா.

"ஒண்ணும் பண்ணலம்மா. பேஸோட தலையைத் தூண்ல முட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

கிதாரின் தலைப்பகுதியை வீட்டைத் தாங்கும் தூணில் அழுத்திக்கொண்டு வாசித்தால், ஒலி தூண் வழியாக ஏறி வீட்டுத் தரையையே பெரிய பெட்டி மாதிரி அதிரவைக்கும். அவனுக்கு அது தற்செயலாகத் தெரிந்தது. அப்பா எழவே இல்லை. பஸ் ஓட்டியவருக்கு அந்த அதிர்வு தாலாட்டு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் பாதங்கள்தான் அவனுடைய ரசிகர்கள்.

"டேய் நெவ், ரோஜா போடறப்ப வேகமா வாசிக்காதே. இதழெல்லாம் பல்லு பல்லா வருது," என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

"அப்ப ரோஜாவை விட்டுட்டு முள்ளு மட்டும் போடு டெஸ். பங்க் கேக்குன்னு வித்துடலாம்."

என்னிடம் மட்டும்தான் அவன் இப்படிப் பேசுவான். வெளியில் வாயைத் திறக்க மாட்டான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் அந்த மாதிரிக் குழுக்களை எந்த மதுக்கடையும் உள்ளே விடவில்லை, போலீஸும் கண்ட இடத்தில் கலைத்துவிடும். வாடகைக்குக் கிடைக்கும் சின்ன மர ஹால்கள்தான் கதி. அங்கேயும் கச்சேரி என்றால் சாவி தர மாட்டார்கள். ஆள் பெரியவனாகிவிட்டான் என்று விருந்து வைக்கும் இருபத்தொன்றாவது பிறந்தநாள் என்றால் உடனே தருவார்கள். எந்த ஹால்காரரும் ஒரு பையனின் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு இல்லை என்று சொன்னதில்லை. எனவே எல்லாக் குழுக்களும் பிறந்தநாள் கொண்டாடின. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் இருபத்தொன்று முடிந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

ஈரத்துண்டுகளில் பிறந்தநாள்காரன் எப்போதும் நெவ்தான். பேரியைப் போலீஸுக்குத் தெரியும். கீத் பதினைந்து வயசுப் பையன் மாதிரி இருப்பான். நெவ்வுக்குத்தான் யாராவது கேக் செய்து கொடுப்பார்கள் என்று நம்பும்படியான முகம்.

கேக் என் பொறுப்பு. உண்மையான கேக்கை ஒவ்வொரு தடவையும் யார் செய்வது? கடைக் கண்ணாடியில் காட்சிக்கு வைக்கும் கேக்குகள் உண்மையில் மரக்கட்டைதான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே மரம், வெளியே கல் மாதிரி இறுகிய சர்க்கரைப் பூச்சு. ஓரம் உடைந்துபோன ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, புதிதாகப் பூசி, வெளிர் நீலத்தில் ஓரம் கட்டி, நெவ்வின் பெயரை எழுதினேன். இருபத்தொன்றுக்கு அடையாளமாக வைக்கும் சாவியை அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினேன். யார் எட்டிப் பார்த்தாலும் அசல் கேக்தான். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் தூசி தட்டி, பெட்டியில் போட்டு, என் கட்டிலுக்கு அடியில் வைப்பேன்.

எழுபத்தொன்பது மார்ச்சில் வில்மா வந்தார். சிட்னியில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். பிடித்த குழுக்களைத் தானே பதிவு செய்து வெளியிடுவார். உறவினர் கல்யாணத்துக்காக எங்கள் ஊர் வந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை கேட்பதாகவும், மறுநாள் காலை ஊருக்குப் போய்விடுவதாகவும் சொல்லியனுப்பினார்.

நெவ் அப்போது இறைச்சிக் குளிர்கிடங்கில் வேலை பார்த்தான். விரல்கள் விறைத்துப்போய் வீட்டுக்கு வருவான். வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டுத்தான் பேஸைத் தொட முடியும். வெள்ளிக்கிழமை பின்படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"நாளைக்கு இது நடக்கலேன்னா பேஸை வித்துடுவேன் டெஸ். விரல் போயிட்டே இருக்கு. ரெண்டையும் பண்ண முடியாது."

அவன் மிரட்டுகிறவன் இல்லை. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வான்.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. ஹாலைப் பார்த்துக்கொண்ட மிசஸ் பர்ட்டெல் என்ற வயதான அம்மாள், சுவரை ஒட்டிய பெஞ்சில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார். வில்மாவும் அதே சுவரில் சாய்ந்து நின்றார். மூன்றாவது பாட்டின் பாதியில் சத்தம் அறுந்தது. வாசலில் ஒரு சார்ஜெண்ட், கூட ஒரு கான்ஸ்டபிள். சார்ஜெண்டின் கை சுவிட்ச் மேல் இருந்தது.

"யாருக்குப் பொறந்தநாள்?"

எல்லோரும் நெவ்வைக் காட்டினார்கள்.

"உனக்கா தம்பி? எத்தனை வயசு?"

"இருபத்தொண்ணு."

"போன மாசம் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஹால்லயும் ஒருத்தனுக்கு இருபத்தொண்ணு ஆச்சாம். அப்படியே உன்னை மாதிரி இருந்தானாம்."

"அது இவனோட ரெட்டை சார்," என்றாள் ரோவீனா.

"ரெட்டைப் பிள்ளைங்க ஒரு மாசம் முன்னே பின்னேயா பொறப்பாங்க?"

"கஷ்டமான பிரசவம்."

கூட்டம் சிரித்தது. சார்ஜெண்ட் சிரிக்கவில்லை. நேராகக் கேக் மேசைக்கு வந்து, அலங்காரத்துக்கு வைத்திருந்த கத்தியை எடுத்து நெவ்விடம் நீட்டினார்.

"நல்ல கேக்கா இருக்கு. வெட்டு. எனக்கும் ஒரு துண்டு குடு."

கத்தி பட்டால் பூச்சு பெயர்ந்து மரம் தெரியும். பொய் சொல்லி ஹால் எடுத்தார்கள் என்று எல்லோரையும் கலைத்து அனுப்புவார். வில்மா காலையில் போய்விடுவார். நெவ் கத்தியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, அத்தனை பேர் முன்னால், அவன் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினான்:

"எங்க வீட்ல பாட்டு முடிஞ்சாத்தான் கேக்கு வெட்டுவோம் சார். பாட்டு இல்லாம வெட்டினா எங்கம்மா கோவிச்சுக்குவாங்க."

"பாடிக்கோ. கரண்ட் மட்டும் கிடையாது."

நெவ் பேஸோடு சுவர்ப் பக்கம் போனான். மேடையோரத்தில் கூரையைத் தாங்கும் மரத்தூண் ஒன்று, பலகைச் சுவரோடு சேர்ந்து நின்றது. பேஸின் தலையை அதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். பிறந்தநாள் பாட்டை அல்ல, பாதியில் நின்றுபோன அந்த மூன்றாவது பாட்டின் பேஸ் அடியை. முதலில் யாருக்கும் கேட்கவில்லை. போலீஸைப் பார்த்து எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றதால்தான் கேட்க ஆரம்பித்தது. மிசஸ் பர்ட்டெலின் ஊசி நின்றது. அவர் முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். வில்மா உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். அவரைப் பார்த்து, காதில் ஊக்கு மாட்டிய பிள்ளைகள் எல்லாம் வரிசையாகச் சுவரில் கை வைத்தார்கள். என் செருப்பு வழியாக அந்தப் பழைய மத்தியானங்கள் ஏறி வந்தன. அப்படியே அந்த அடியின் மேல் ரோவீனா பிறந்தநாள் பாட்டை எடுக்க, மொத்த ஹாலும் பாடியது.

பாட்டு முடிந்தது. சார்ஜெண்ட் மறுபடியும் கத்தியை நீட்டினார்.

மிசஸ் பர்ட்டெல் எழுந்து வந்தார். "என் ஹால்ல டீ இல்லாம கேக்கு வெட்டறதில்ல சார்ஜெண்ட். அந்தப் பெரிய பாய்லர்ல இப்பத்தான் தண்ணி வச்சேன். கொதிக்க ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க, பேசிட்டு இருக்கலாம். உங்கம்மாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் கேட்டுச்சா?"

கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சார்ஜெண்டுக்குக் காது சிவந்தது.

"ஒரு மணி நேரத்துல வர்றேன்," என்று கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மிசஸ் பர்ட்டெல் விரல் முட்டியால் கேக்கைத் தட்டினார். டொக் என்றது.

"நல்லா வெந்திருக்கு கண்ணு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, சுவிட்சைத் தானே போட்டார்.

ஒரு மணி நேரம் எங்களுக்கு ஏராளம். ஈரத்துண்டுகளின் பாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அரை மணி தாண்டாது. எல்லாவற்றையும் வாசித்து, பிடித்ததை மறுபடியும் வாசித்து, ஹாலைப் பெருக்கியும் முடித்தார்கள். சார்ஜெண்ட் திரும்பி வந்தபோது மிசஸ் பர்ட்டெல் மட்டும் இருந்தாராம். டீயும் பிஸ்கெட்டும் கொடுத்தாராம். கேக் எங்கே என்று கேட்டதற்கு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒரு துண்டு மிச்சம் வைக்குதுங்களா?" என்றாராம்.

கிளம்பும் முன் வில்மா நெவ்விடம் வந்தார். ரோவீனாவிடம் அல்ல, நெவ்விடம்.

"சுவத்துல வச்சு வாசிச்சியே, அதை இசைத்தட்டுல முதல்ல வை. அது மட்டும் தனியா வரட்டும். மத்தவங்க அப்புறம் வரட்டும்."

நெவ் சரி என்றான்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். குளிர்கிடங்கை விட்டான். சிட்னிக்குப் போனார்கள். மூன்று இசைத்தட்டுகள் வந்தன. ஒரு வேனில் இந்த நாடு முழுவதும் சுற்றினார்கள். லண்டனில் ஒரு குளிர்காலம் முழுக்க ஈரமான அறையில் இருந்து இருமலோடு திரும்பினார்கள். பேரியும் கீத்தும் சண்டை போட்டுக் குழு உடைந்தது. யார் பக்கம் என்று கேட்டதற்கு நெவ், "ரெண்டு பேரும் சுருதி தப்பு," என்றான். ஊருக்கு வந்து, ஆற்றைக் கடக்கும் படகில் கயிறு கட்டும் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதையே செய்தான். வெள்ளிக்கிழமைகளில் யார் கூப்பிட்டாலும் போய் வாசித்தான், இன்னும் வாசிக்கிறான். படகில் வந்த இளைஞர்கள் சிலர் அவனை அடையாளம் கண்டு கேட்டதுண்டு. "அது வேற ஆளு. என் ரெட்டை," என்பான். மரக்கேக் அவன் வீட்டில், காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. வெளிர் நீல ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அந்தக் காலத்தில் பூச்சு வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது எழுபத்தொன்பது அக்டோபர்தான். சிட்னியில் பதிவு நடந்த நாளும் நெவ்வின் உண்மையான இருபத்தொன்றாவது பிறந்தநாளும் ஒன்றாக வந்தன. யாருக்கும் ஞாபகமில்லை. அத்தனை தடவை கொண்டாடிய பிறகு யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான் ரம்மில் ஊறவைத்த பழக்கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். வெளிர் நீல ஓரம், அதே எழுத்து, அதே வெள்ளிச் சாவி.

"மறுபடியுமா?" என்றாள் ரோவீனா. "இங்கே போலீஸ் யாரும் வரலியே டெஸ்."

நெவ் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். பூச்சு பெயர்ந்துவிடுமோ என்று பயந்த மாதிரி ஓரத்தில் மெதுவாக வைத்தான்.

"அழுத்துடா," என்றேன்.

கத்தி இறங்கியது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"உள்ளே போகுதே டெஸ்."

முதல் துண்டையும் கத்தியையும் என்னிடம் கொடுத்துவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்து, பேஸை எடுத்துக்கொண்டான். அந்த அறையில் தூண் இல்லை. கதவு நிலையில் தலையை முட்டுக் கொடுத்தான். வில்மா கையைக் காட்டினார், பதிவு நாடா சுழல ஆரம்பித்தது. அப்போதுதான் நான் கத்தியைத் தட்டில் வைத்தேன்.

இசைத்தட்டில் ஊசி இறங்கியதும், பேஸ் தொடங்கும் முன்னால், க்ளிங் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கேட்டவர்கள் அதற்கு என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். மறுபடி பதிவு செய்யலாம் என்று வில்மா அன்றைக்கே சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன், அதற்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டான்.